குறைவாகக் காட்டிய எண்

என் மகள் வேனிலிருந்து இறங்கும்போதெல்லாம் "அம்மா, தல வலிக்குது" என்று சொன்னாளே, அதைப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட அவள் கண்டுபிடித்த சாக்கு என்று நான் ஏன் முடிவு செய்தேன்? காய்ச்சல் இல்லாதபோதே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவள் நான். ஒரு தும்மலுக்கு மூன்று பேரிடம் யோசனை கேட்கிறவள். அதை மட்டும் எப்படித் தள்ளிவிட்டேன் என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை.

யோசிக்க உட்கார்ந்தால் மகள் முகத்துக்கு முன்னால் வேறொரு முகம் வந்துவிடுகிறது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண்மணி. பெயர் எனக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருவானைக்காவல் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்; அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை; அதில் வாகனப் புகைப் பரிசோதனை. அங்கேதான் அவர் வேலை பார்த்தார். ஆட்டோக்காரர்கள் அவரைப் 'புகை அக்கா' என்பார்கள். நானும் அப்படித்தான் மனதுக்குள் வைத்திருந்தேன்.

முதல் தடவை நான் போனது என் ஸ்கூட்டருக்காக. கணவர் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிவிடுவதால் வண்டி வேலை, பள்ளி வேலை எல்லாம் என் பொறுப்பு. மற்ற இடங்களில் இந்தப் பரிசோதனை எப்படி நடக்கும் என்று ஊருக்கே தெரியும். நம்பர் பிளேட்டை ஒரு படம் எடுப்பார்கள், குழாய் வைத்தது போல ஒரு பாவனை, அச்சிட்ட தாள் கைக்கு வந்துவிடும். இவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தையே, "இன்ஜின் ஆறிக் கெடக்கும்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்பதுதான்.

"வீட்லேர்ந்துதாங்க வரேன்."

"வீடு பக்கத்துலதானே? சூடாகியிருக்காது. மாம்பழச் சாலை வரைக்கும் போயிட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்."

போய்விட்டு வந்தேன். அவர் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைச் சைலன்சருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, குழாயை உள்ளே முழுதாகச் செலுத்தி, திரையில் எண் நிலைக்கும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தார். சுவரில் அரசு அளவுகள் எழுதிய அட்டை. என் பழைய ஸ்கூட்டருக்குக் கார்பன் மோனாக்சைடு மூன்றரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது அவர் சட்டென்று, "பாப்பாவ அந்தப் பக்கம் நிறுத்துங்கம்மா!" என்றார்.

என் மகள் வண்டியின் பின்னால், சைலன்சருக்கு நேராக நின்று குழாயை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா உயரத்துலதான் புகை போகுது. நமக்கு இடுப்புக்குக் கீழ போறது அதுக்கு மூஞ்சிக்கு நேரா போகும். சிக்னல்லயும் அப்படித்தான். அங்க மேல பெரிய போர்டு வெச்சிருக்காங்கல்ல, காத்து நல்லாருக்குன்னு பச்சையா எரியும். அது எந்த உயரத்துல இருக்கு, பாப்பா எந்த உயரத்துல இருக்கு?"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கண்டிக்கும் குரலில் சொல்லவில்லை. ஆனால் எனக்கு முகம் சூடாகிவிட்டது. நான் கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி. படித்தவள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியவள். அவர் சொல்லி நான் குழந்தையை நகர்த்த வேண்டியதாயிற்று. அந்தச் சூடு அன்றைக்கே ஆறியிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

அதற்குப் பிறகும் அங்கேதான் போனேன். பக்கத்தில் இருந்தது. காத்திருக்கிற நேரத்தில் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணால் பார்க்காத எதையும் அவர் ஒப்புக்கொள்வதில்லை. பூக்காரம்மா அளந்து கொடுத்த பூவைத் தன் கையால் மறுபடி ஒரு முழம் போட்டுப் பார்ப்பார். "நம்பாம இல்லக்கா, உன் கை குட்டை, என் கை நெட்டை" என்று சிரிப்பார். மதியச் சாப்பாட்டை அந்த அறைக்குள் பிரிக்கவே மாட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய்விடுவார். மெஷினுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் வெறும் காற்றைக் கொடுத்து, எண் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்த பிறகுதான் முதல் வண்டி.

ஒருமுறை மலைக்கோட்டைப் பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் செல்போனை நீட்டினார். அதில் ஒரு காரின் படம்.

"வண்டி எங்க சார்?"

"அதான் போட்டோல இருக்கே. நம்பர் தெளிவா தெரியுது பாரும்மா."

"தெரியுது சார். போட்டோ புகை விடுமா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. கடைக்காரர் "உன்ன விட்டா ஊர்ல ஆள் இல்லையா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு நாள் உத்திர வீதியிலிருந்து ஒரு மாமா, நெற்றியில் பளிச்சென்று திருமண், மொபெட்டோடு தவித்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, நாழியாறதே. பெருமாள் புறப்பாடு ஆயிடும். ஒரு கடுதாசிதானே, குடுத்துடேன்."

"பெருமாளும் இந்த வீதிலதானே மாமா வர்றாரு. அவரும் உங்க வண்டிப் புகையத்தான் குடிக்கணும். ரெண்டு நிமிஷம் இருங்க."

மாமா சிரித்துவிட்டார். "நன்னாப் பேசறே போ. பிடி, எங்க வேணா குழாய வெச்சுக்கோ." அந்த மொபெட் தேறவில்லை. கார்பரேட்டரைச் சுத்தம் செய்து மறுநாள் அதே மாமா வந்தார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது வேன் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

என் மகள் பள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், டவுனில். ஸ்ரீரங்கத்திலிருந்து பதினான்கு பிள்ளைகள் ஒரு சின்ன வேனில் போகிறார்கள். பெட்ரோல் வேன், முன் சீட்டுக்கு அடியிலேயே இன்ஜின் இருக்கும் ரகம். ஜூனில் பள்ளி திறந்ததும் மகளுக்குப் பின் சீட்டில் குமட்டல் வந்தது. நான் டிரைவரிடம் பேசி, முன் சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார இடம் வாங்கினேன். மற்ற அம்மாக்கள் முகம் சுளித்தார்கள். நான் விடவில்லை.

அந்தச் சமயத்தில் வேனின் புகைச் சான்று முடிந்திருந்தது. திங்கட்கிழமை முதல் சான்று இல்லாத வேன்களை வாசலில் நிறுத்தமாட்டோம் என்று பள்ளி அறிவித்தது. வெள்ளிக்கிழமை டிரைவர் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதற்றமாக ஒரு குரல் செய்தி போட்டார். புகை அக்கா சான்று தர மறுக்கிறாராம். அவர் மெஷின் திரையை எடுத்த படத்தையும் அனுப்பியிருந்தார். எண், அரசு சொன்ன அளவுக்கு வெகு கீழே. குழுவை நடத்துகிறவள் நான். சனிக்கிழமை காலை டிரைவரோடு நானே போனேன்.

"நீங்களே கேளுங்க மேடம்" என்றார் டிரைவர். "பாஸாகுற வண்டிய நிப்பாட்டி வெக்கிறாங்க."

"என்னக்கா பிரச்சினை?" என்றேன்.

"கம்மியா காட்டுதும்மா."

"கம்மியா இருந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா இவ்ளோ வயசான வண்டிக்கு இவ்ளோ நல்லது எங்கேர்ந்து வந்துச்சு? நடுவுல எங்கயோ வெளிக்காத்து கலக்குதும்மா. கலந்தா கணக்கு கம்மியாதான் வரும். இங்க பாருங்க."

அவர் ஒரு பழைய துணியை வாளியில் நனைத்துப் பந்தாகச் சுருட்டி, சைலன்சர் வாயில் வைத்து அழுத்திப் பிடித்தார். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா, வண்டியக் கொல்லப் பாக்குறீங்களா?" என்றார் டிரைவர்.

"செத்தாத்தான் நல்ல வண்டி. மூச்ச அடைச்சா திணறணும்ல? இது ஜம்முனு ஓடுது பாருங்க. அப்ப வேற எங்கயோ மூச்சு விடுது. முன் சீட்டத் தூக்குங்க, பாத்துடலாம்." பிறகு என்னிடம் திரும்பி, "உங்க பாப்பா எங்க உக்காருது?" என்றார்.

"முன்னாடி. நான்தான் கேட்டு வாங்கினேன்."

அவர் துணியை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை, முதல் நாள் வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையாக எனக்குப் பட்டது.

டிரைவர் சீட்டைத் தூக்கவில்லை. அதைக் கழற்றினால் அரை நாள் போய்விடும், மதியம் வாடகைக்கு ஒப்புக்கொண்டிருக்கிறேன் என்றார். நான் சுவரிலிருந்த அட்டையைக் காட்டி, "அளவு இதுக்குள்ளதானே இருக்கு? விதிப்படி நீங்க குடுத்துதானே ஆகணும்?" என்று கேட்டேன்.

"விதி குழாய் நுனியில மட்டும் பாக்கச் சொல்லுதும்மா. உள்ள பாக்கச் சொல்லல. அதுக்காகத் தெரிஞ்சும் எப்படிக் கையெழுத்து போடுறது?"

கலந்தால் அடர்த்தி குறையும் என்பது நான் கல்லூரியில் முதல் வருடம் படித்த பாடம். நனைந்த துணியை என் கண்ணால் பார்த்தேன். இருந்தும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இந்தம்மா என்னிடம் மறுபடியும் ஏதோ நிரூபிக்கிறார்.

அன்று பிற்பகலே கடிதம் எழுதினேன். போக்குவரத்து அலுவலகத்துக்கு. பதினோரு வீட்டுக் கையெழுத்து. கடிதம் எழுத எனக்கு நன்றாக வரும். எல்லோரும் அதனால்தான் என்னை எழுதச் சொன்னார்கள். 'அளவு வரம்புக்குள் இருந்தும் மேற்படி பெண் ஊழியர் சான்று வழங்க மறுக்கிறார். பள்ளிக் குழந்தைகள் பாதிக்கப்படுகின்றனர்.' பெயர் தெரியாததால் மேற்படி பெண் ஊழியர். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வரி சேர்த்தேன்: 'இதில் உள்நோக்கம் இருக்குமோ என ஐயுறுகிறோம்.' அதைப் படித்த ஒரு அப்பா, "சூப்பர் மேடம், இதுதான் வேலைக்காகும்" என்றார். புகை அக்கா யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. அது எனக்கு அந்த வரியை எழுதும்போதே தெரியும்.

வேனுக்கு அன்று மாலையே வேறொரு இடத்தில் சான்று கிடைத்துவிட்டது. குழாய் வைத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து என் ஸ்கூட்டரின் சான்றுக்காக அங்கே போனபோது ஸ்டூலில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார், மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "அந்தம்மாவா? அவங்க மேல கம்ப்ளைன்ட்டுங்க" என்றார். குழாயைச் சைலன்சருக்குள் விடக்கூட இல்லை. ஐந்து நிமிடத்தில் என் வேலை முடிந்தது. வேகமாக முடிந்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் கூட இருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும்.

மகள் தலைவலி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கண் டாக்டரிடம் காட்டினேன். கண் சரியாக இருந்தது. டிபனைச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று திட்டினேன்.

ஐப்பசியில் நல்ல மழை பெய்த ஒரு பிற்பகல். பிள்ளைகள் நனையாமல் இருக்க வேனின் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டார்கள். காவிரிப் பாலத்தில் நெரிசல். முக்கால் மணி நேரம் வேன் இன்ஜின் ஓட நின்றிருக்கிறது. முதலில் பின்னால் இருந்த இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள். டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் பார்த்தபோது என் மகள் கதவில் சாய்ந்து கிடந்திருக்கிறாள். எழுப்பினால் எழவில்லை. அவர் அந்த மழையில் எல்லாக் கதவையும் திறந்துவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு பாலத்தில் ஓடியிருக்கிறார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. கண் திறந்திருந்தது. டாக்டர் இளம் பெண். "வண்டில ஜன்னல் மூடியிருந்துச்சா? ரத்தத்துல கார்பன் மோனாக்சைடு இருக்கு. நேரத்துல வெளிய எடுத்துட்டாங்க, பயப்படாதீங்க" என்றார். அது என்னவென்று எனக்கு எளிமையாக விளக்கத் தொடங்கியவர், நடுவில் நிறுத்தி, "என்ன படிச்சிருக்கீங்க?" என்றார்.

"டிகிரி" என்றேன். என்ன டிகிரி என்று சொல்லவில்லை.

மகள் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்ற பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். டிரைவர் சீட்டைக் கழற்றி எடுத்த படத்தைக் குழுவில் போட்டார். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், முன் சீட்டுக்கு நேர் கீழே, விரல் நீள விரிசல். சுற்றிலும் கரி. வந்த பதில்கள்: 'மழைதான் காரணம்', 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கலாம்', 'ரங்கநாதன் காப்பாற்றினார்'. பதினோரு வீட்டில் ஒருவர் கூட அந்தப் பெண்மணியைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. நான் எழுதினேன். 'நமக்கு முன்பே ஒருவர் இதைச் சொன்னார்' என்று தட்டினேன். பார்த்தேன். அழித்துவிட்டு, கும்பிடும் கைகளைப் போட்டேன்.

தை மாதம் காந்தி மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். வெங்காய மண்டி ஒன்றில் எடை மெஷின் பக்கத்தில் நின்று, மூட்டை ஏறுவதற்கு முன் தட்டில் ஒன்றுமில்லாதபோது பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சுமை தூக்குபவர் ஒருவர், "அக்கா, நீ பாக்குற பார்வைல மெஷினே பயந்து கம்மியா காட்டுது" என்று கிண்டல் செய்தார். நான் திரும்பிப் போயிருப்பேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"வாங்கம்மா. பாப்பா எப்படியிருக்கு?"

"நல்லாருக்காக்கா."

"அந்த வேன் முன் சீட்டத் தூக்கிப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"என்ன இருந்துச்சு?"

"ஒரு விரிசல்."

"நான் சொன்னேன்ல! சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணிட்டாங்க."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தான் சொன்னது சரியாயிற்று என்ற மலர்ச்சியாக அது எனக்குத் தெரியவில்லை. விரிசல் அடைபட்டதே என்று நிம்மதி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி பற்றி நான் சொல்லவில்லை.

"நீங்க ஏங்க்கா அங்கேர்ந்து வந்துட்டீங்க?" என்று கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

"யாரோ லெட்டர் போட்டுட்டாங்கம்மா. ஆபீஸ்ல யாருன்னு பேரு சொல்லாம படிச்சுக் காமிச்சாங்க. நல்லாப் படிச்சவங்க எழுதினதுதான், ஒரு பிழை இல்ல. சான்று தரலன்னு எழுதினாங்க, அது சரி, நான் தரலதான். ஆனா உள்நோக்கம்னு எழுதியிருந்தாங்க பாருங்க... சென்டர் ஓனரு அந்த ஒரு வார்த்தையப் புடிச்சுக்கிட்டாரு. என் பொண்ணே கேட்டுச்சு, ஏம்மா காசு கேட்டியான்னு." அவர் எடைத் தட்டிலிருந்த வெங்காயச் சருகைத் தள்ளினார். "கம்ப்யூட்டர்ல என் பேருக்கு நேரா ரிமார்க் இருக்காம். அது போற வரைக்கும் எந்த சென்டர்லயும் எடுக்க மாட்டாங்க. நானும் மூணு எடத்துல கேட்டுட்டேன்."

"அந்த ரிமார்க் போனா திரும்ப அந்த வேலைக்குப் போவீங்களா?"

"கூப்பிட்டா நாளைக்கே போவேன். எனக்கு அந்த வேலைதாம்மா தெரியும்."

டிரைவர்தான் ஆள் பிடித்து அந்தக் கடிதத்தை எழுத வைத்திருப்பார் என்று அவர் நினைக்கிறார் போலிருக்கிறது. "பாவம், அவன் பொழப்பு அவனுக்கு" என்றார். நான் தலையாட்டினேன். பெயரை அப்போதாவது கேட்டிருக்கலாம்.

பிறகு அலுவலகத்தில் விசாரித்தேன். புகார் கொடுத்தவர்களே அது தவறு என்று எழுதிக் கொடுத்தால் குறிப்பை நீக்கலாமாம். அதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கை வரவில்லை. புகாரில் உள்ள எல்லாமே விதிப்படி உண்மை. எண் வரம்புக்குள் இருந்தது, அவர் மறுத்தார். பொய் அந்த ஒரு வரி மட்டும். முழுதும் எழுதினால், அன்று மாலை வேனுக்கு எப்படிச் சான்று கிடைத்தது என்ற கேள்வி வரும். என் மகளைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடிய டிரைவரின் உரிமம் போகலாம். மற்ற பத்து வீட்டாரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஒருவரிடம் ஜாடையாகக் கேட்டேன், "எதுக்கு மேடம் பழச கிளறிக்கிட்டு" என்றார். அந்த ஒரு வரியை மட்டும் என் பெயரில் திரும்பப் பெற்றால் போதுமா, போதாதா என்று தெரியவில்லை. என் கணவர் போதும் என்கிறார். எனக்கு எளிதாக இருப்பதாலேயே அது போதாதென்று தோன்றுகிறது.

இதைப் படிப்பவர்களில் இப்படி ஒருவரின் பெயரைக் கெடுத்து, பிறகு அதைச் சரிசெய்தவர்கள் இருப்பீர்கள். விதி தெரிந்தவர்களும் இருப்பீர்கள். டிரைவரை மாட்டிவிடாமல், பாதி உண்மையும் சொல்லாமல், அந்தக் குறிப்பை நீக்க எப்படி எழுத வேண்டும்? முதலில் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அவரிடம் போவதா, அல்லது முதலில் மண்டிக்குப் போய், எழுதியது நான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி எழுதுவதா? தயவுசெய்து சொல்லுங்கள். நான் தள்ளிப்போட வழி கேட்கவில்லை. எதை முதலில் செய்தால் அவருக்கு நல்லது என்றுதான் கேட்கிறேன். எனக்கு எது நல்லது என்று பார்த்து எழுதிய கடிதம் ஒன்று ஏற்கெனவே அந்த அலுவலகத்தில் இருக்கிறது.